கடலுக்கு மேலே நடந்த கதை

நெடுந்தீவில் குளிர் என்பது ஒரு காற்று. ஐப்பசி முடிவில் வாடை விழுந்தால் தை மட்டும் அது கடலைச் சும்மா விடாது. குறிகாட்டுவானிலிருந்து படகு வந்தால் வந்தது. வராவிட்டால் சீனி இல்லாத தேத்தண்ணீர். முருகைக்கல் மதிலின் மறைவில் ஆடுகள் ஒதுங்கி நிற்கும். கிழவர்கள் காதைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொள்வார்கள். என் ஆச்சி ட்ரங்குப் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்துப் போர்த்துக்கொண்டு, "இந்த வருசக் குளிர் ஆளைத் தின்னும்" என்பார். ஊரில் தெர்மாமீற்றர் இல்லை. ஆகவே 24 பாகைக்கு இத்தனை நடுக்கமா என்று கேட்கவும் ஆள் இல்லை.

இந்தக் குளிரில் வளர்ந்த என்னை 1977இல் மொஸ்கோவுக்கு அனுப்பினார்கள்.

கார்ல் மார்க்ஸைப் படித்து மனம் மாறிப் போனேன் என்று பிற்காலத்தில் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களும் நம்பினார்கள். உண்மைக் காரணம் தரப்படுத்தல். 1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழி மூலம் சோதனை எடுத்தவர்களுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தி வைத்தபின், எஞ்சினியர் கனவு கண்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மூன்று வழிதான் மிச்சம். திரும்பத் திரும்பச் சோதனை எடுக்கலாம். வீட்டில் காசிருந்தால் லண்டன் போகலாம். காசில்லாவிட்டால் சோவியத் ஒன்றியம். இடதுசாரிக் கட்சிகள் வழியாகப் புலமைப்பரிசில் வரும். கட்சிக்காரர் ஒருவருக்கு அப்பா நல்ல பாரை மீனாகப் பார்த்துக் கொடுத்துவந்தார் என்பதைத் தவிர, வர்க்கப் போராட்டத்தில் எங்கள் குடும்பத்தின் பங்கு பெரிதாக ஒன்றுமில்லை.

நாங்கள் வேதக்காரர். "கடவுள் இல்லாத நாட்டுக்கோ பிள்ளையை விடுறியள்?" என்று கோவில் வாசலில் வைத்தே அம்மாவைக் கேட்டார்கள். சுவாமியார் ஒரு செபமாலை தந்தார். கட்சிக்காரர் லெனின் முகம் போட்ட பாட்ஜ் ஒன்று தந்தார். அம்மா இரண்டையும் ஒரே லேஞ்சியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்தார். அதற்கு மேல் புழுக்கொடியல், அதற்கு மேல் மிளகாய்த்தூள், அதற்கு மேல்தான் உடுப்பு.

ஷெரெமெத்யேவோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். லெனினையும் செபமாலையையும் அவர் கவனிக்கவே இல்லை. புழுக்கொடியலைக் கையில் எடுத்தார். முறித்துப் பார்த்தார், முறியவில்லை. மோந்து பார்த்தார். மேசையில் தட்டினார், 'டக்' என்றது. இது என்ன என்று சைகையில் கேட்டார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு என்பதை ரஷ்ய மொழியில் சொல்ல அன்று எனக்குத் தெரியாது. பிறகு ஆறு வருடம் படித்தும் தெரியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்து, சத்தம் வர மென்று காட்டினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். திரும்பவும் மென்று காட்டினேன். கடைசியில் அவரும் ஒரு துண்டை வாயில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கன்னத்தைப் பிடித்தபடி, போ என்று கையைக் காட்டினார். பல்லைப் பதம் பார்க்கும் சாமானைச் சாப்பாடு என்று சொல்லும் நாட்டிலிருந்து வந்தவன், மொஸ்கோவின் மாரியைச் சமாளித்துவிடுவான் என்று நினைத்திருக்கவேண்டும்.

மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கியது. அடுத்த வருடமே கொங்கோவில் கொல்லப்பட்ட பத்ரிஸ் லுமும்பாவின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். ஆபிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று மூன்று கண்டத்துப் பிள்ளைகள். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழி, பிறகு ஐந்து வருடம் பாடம். மாதம் 90 ரூபிள் உதவிப்பணம். மெத்ரோ ரயிலில் எங்கே போனாலும் 5 கொப்பெக். போய் இறங்கிய மாதமே குளிருடுப்பு வாங்கக் காசு கொடுத்து, கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓவர்கோட்டு, காதுமூடித் தொப்பி, உள்ளே மயிர் வைத்த சப்பாத்து. இவ்வளவையும் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவை வீட்டுக்கு அனுப்பினேன். இதில் பிள்ளை எங்கே என்று ஆச்சி கேட்டாராம்.

டிசம்பர் வந்தது. நத்தார் லீவுக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கியபோதுதான் விசயம் தெரிந்தது. அந்த நாட்டில் டிசம்பர் 25 என்பது 24க்கும் 26க்கும் நடுவில் வரும் ஒரு வேலைநாள். ரஷ்யாவின் பழைய கோவில் கணக்குப்படி பாலன் பிறப்பதே ஜனவரி 7. அரசாங்கக் கணக்குப்படி பிறக்கவே இல்லை. இரண்டாம் வருடம் அன்று காலையில் எனக்கு உயர்கணித வகுப்பு. டிசம்பர் கடைசி முழுக்க 'ஸச்சோட்' என்ற தகுதிச் சோதனைகள், ஜனவரி முழுக்கப் பெரிய சோதனைகள், அதற்குப் பிறகுதான் குளிர்கால லீவு. கிறிஸ்து பிறந்ததற்கு லீவு இல்லை, சோதனை முடிந்ததற்கு உண்டு என்று நான் கடிதத்தில் எழுத, அம்மா அதைச் சுவாமியாருக்குக் காட்டவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

கடவுள் இல்லாத நாட்டில் ஒரு கத்தோலிக்கக் கோவில் இருந்தது. பெயர் புனித லூயி. சோவியத் காலத்தில் இழுத்து மூடாமல் விட்ட மிகச் சில கோவில்களில் ஒன்று. அது இருந்த இடம் லுபியங்கா, அதாவது கே.ஜி.பி. தலைமையகத்தின் பின்புறம். உலகத்தில் வேறெங்கும் நத்தார்ப் பூசைக்கு இத்தனை பாதுகாப்பு இருந்திருக்காது. நானும் ஒரு கேரளத்துப் பெடியனும் போனோம். ஒரு தரம் கோவிலைப் பார்ப்பதும் ஒரு தரம் பின்னால் பார்ப்பதுமாகத்தான் படி ஏறினோம். உள்ளே தலையில் துணி கட்டிய கிழவிகள், தூதரகத்து ஆட்கள், எங்களைப் போன்ற இரண்டொரு கறுத்த முகங்கள். மொழி விளங்கவில்லை. எப்போது முழங்காலில் நிற்பது, எப்போது எழும்புவது என்பது மட்டும் நெடுந்தீவில் செய்கிற அதே ஒழுங்கு.

மொஸ்கோவில் இரவு ஒன்பதரை என்றால் ஊரில் நள்ளிரவு. இரண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம். ஒன்பதரைக்கு விடுதிக் கட்டிலில் இருந்துகொண்டு, இப்போது மணி அடிக்கும், இப்போது சீனவெடி வெடிக்கும், இப்போது அக்கா பாலன் குடிலில் குழந்தையேசுவைக் கொண்டுபோய் வைப்பாள் என்று கணக்குப் பார்த்தேன். வாடைக்கு மெழுகுதிரி அணையும், தம்பி திரும்பத் திரும்பக் கொளுத்துவான். அறையில் கூட இருந்த எத்தியோப்பியன் ஒருவன், ஏன் மணிக்கூட்டையே பார்க்கிறாய், யாராவது வருகிறார்களா என்று கேட்டான்.

சமயத்தை ஒழித்த அந்த நாடு ஒரு விரதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. 1976இலிருந்து வியாழக்கிழமைகளில் உணவுச்சாலைகளில் மீன் நாள், இறைச்சி கிடையாது. நாங்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்து வளர்ந்தவர்கள். கட்சி சொன்னதற்காக வியாழனும் சுவாமியார் சொன்னதற்காக வெள்ளியும் மீன் தின்ற ஒரே ஆள் எங்கள் பீடத்தில் நானாகத்தான் இருக்கவேண்டும். மீனா அது? 'மின்தாய்' என்று ஒன்று. தலை இல்லாமல், செங்கட்டி அளவில் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கடைக்கு வரும். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வலைப்பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் பங்குனி மட்டும் கெடாது. மிக்லுக்கோ மக்லாயா வீதி விடுதிக் கட்டடங்களில் மாரி காலத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் வலைப்பை ஆடிக்கொண்டிருக்கும். அம்மாவின் தூளைப் போட்டு நான் குழம்பு வைத்தால், மாடிக்கு மாடி கதவைத் திறந்து இருமுவார்கள். பிறகு கோப்பையோடு வருவார்கள்.

1978 டிசம்பர் 31ஆம் திகதி மொஸ்கோவில் குளிர் சுழியத்துக்குக் கீழே 35 பாகையையும் தாண்டிப் போனது. அந்த ஊர்க்காரர்களே பின்னாளில் சொல்லிச் சொல்லி மாய்ந்த குளிர் அது. மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும், கண்மடல் ஒட்டும். புதுவருடம்தான் அவர்களுக்குப் பெருநாள். மரம் வைப்பார்கள், தாடிக்கிழவர் வருவார், பரிசு கொடுப்பார்கள். நத்தாரின் சாமான் எல்லாம் இருந்தன, நத்தார்தான் இல்லை. அன்றிரவு எங்கள் மாடியில் எல்லாருமாகச் சேர்ந்து அவரவர் நாட்டுப் பாட்டைப் பாடினோம். வீட்டை நினைத்து யாரும் அழவில்லை. கண்ணீர் விட்டால் உறைந்துவிடும் என்று பெரு நாட்டுப் பெடியன் ஒருவன் சொல்லி வைத்திருந்தான்.

லீவு கிடைத்தது ஜனவரி கடைசியில். காசுள்ள வெளிநாட்டு மாணவர்கள் ரயிலேறி பெர்லின், லண்டன் என்று போய் ஜீன்ஸோடு திரும்புவார்கள். காசில்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் மலிவான சீட்டுக் கொடுத்து ஓய்வில்லத்துக்கு அனுப்பும். எங்களை அனுப்பிய இல்லம் மொஸ்கோவுக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்தது. நீர்த்தேக்கம் என்று அறிவிப்புப் பலகைதான் சொல்லியது. கண்ணுக்குத் தெரிந்தது முழுக்க வெள்ளை வெளி. அதன் நடுவில் கறுத்த புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவும் மனிதர். ஆளுக்கொரு மரப்பெட்டி, அதன் மேல் குந்தியிருக்கிறார்கள். துளைகருவியால் பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டிருக்கிறார்கள். கையில் முழ நீளமும் இல்லாத தூண்டில்தடி. இரைப் புழு உறைந்துவிடாதபடி சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவர் பக்கத்தில் போய் நின்றேன். நெடுநேரம் அசையவில்லை. பிறகு தடியைச் சுண்டினார். விரல் நீளத்தில் ஒரு மீன் வந்தது. பனியில் விழுந்து இரண்டு தரம் துள்ளியது. மூன்றாவது தரம் துள்ளுவதற்குள் விறைத்துவிட்டது. அவர் பெருமையாக என்னைப் பார்த்தார். கடலில் வலை இழுக்கிறவனின் பிள்ளை நான். அந்த மீனை எங்கள் வீட்டில் பூனைக்குப் போட்டால் பூனை என்ன நினைக்கும் என்று யோசித்துக்கொண்டே, "ஹரஷோ, ஹரஷோ" என்று தலையாட்டினேன்.

இதை அப்பாவுக்கு எழுதாமல் இருக்கமுடியுமா? தண்ணீருக்கு மேலே நடந்துபோகிறார்கள், லொறியும் போகிறது, நானும் நடந்தேன், நடுவில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று நாலு பக்கம் எழுதினேன். மொஸ்கோவில் போட்ட கடிதம் கொழும்பு போய், இரவுத் தபால் ரயிலில் யாழ்ப்பாணம் போய், பஸ்ஸில் குறிகாட்டுவான் போய், குமுதினிப் படகு ஓடுகிற நாள் பார்த்து நெடுந்தீவுத் தபாற்கந்தோருக்குப் போகவேண்டும். தபாற்காரர் கொண்டுவந்து கொடுக்க, அக்கா வாசிக்க, அப்பா கேட்டிருக்கிறார். பதில் இப்படி வந்தது:

"மோனே, கடலுக்கு மேலால நடந்தவர் யேசுநாதர் ஒராள்தான். இராயப்பரும் ரெண்டடி வைச்சுப் பாத்துத் தாண்டவர். நீ அங்க குடிச்சுப்போட்டோ காயிதம் எழுதுறனீ? படிக்கப் போன பிள்ளை படிப்பைப் பார்."

அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது சித்திரை. பனிக்கட்டி உருகி நீர்த்தேக்கம் நீர்த்தேக்கமாகக் கிடந்தது. நிரூபிக்க வழி இல்லை. அப்பா சாகும்வரை அதை நம்பவில்லை.

ரெலிபோன்? கோர்க்கி வீதியில் மத்திய தந்தி நிலையம் இருந்தது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் கொழும்புக்குப் பேசலாம். கொழும்பில் எங்களுக்கு யாரும் இல்லை. தந்தி அடிக்கலாம், ஆனால் தீவுக்குத் தந்தி வந்தால், பிரிக்க முதலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். ஆகவே குளிர்கால லீவு முழுக்க என் குடும்பத்துக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. எனக்கு அவர்கள் செய்வது தெரியாது. அதனால் இரு பக்கத்தாருக்கும் மற்றவரைப் பற்றி நல்ல நினைப்பே இருந்தது.

1983 ஆனியில் பட்டம் கிடைத்தது. அடுத்த மாதம் இலங்கையில் நடந்ததை இந்தக் கட்டுரைக்குள் இழுக்கப்போவதில்லை. 1985 மே 15 அன்று, என் கடிதங்களைச் சுமந்த அதே குமுதினியில் போன முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990-91இல் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு என்று ஊர் ஊராகச் சனம் எழும்பிப் போனது. போனவர்களில் மிகச் சிலரே திரும்பினார்கள். ரஷ்யப் பட்டம் வைத்திருந்த நான் பல ஊரில் பல வேலை பார்த்து, பென்சனுக்குப் பிறகு அப்பாவின் காணிக்கே வந்து சேர்ந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வேன்.

இனி இன்றைய கதை. 2024இல் தம்பியின் மகன் மாணவர் விசாவில் ரொறன்ரோவுக்குப் போனான். அவனுக்குக் கட்சிக் கடிதம் தேவைப்படவில்லை, பாரை மீனும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வங்கியில் 20,635 கனடிய டொலர். ஒரு வருடச் செலவுக்கு இவ்வளவு உண்டு என்று காட்டவேண்டுமென்று அந்த வருடத் தொடக்கத்தில் கனடா விதித்த தொகை. முன்பு கேட்டதைவிட இரண்டு மடங்கு. தம்பியிடம் ஏது? ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா, மாமா, மச்சாள்மார் எல்லாரும் சேர்ந்து அனுப்பினார்கள். கனடாக் காசு யாழ்ப்பாணத்துக்கு வந்து, வங்கியில் முகத்தைக் காட்டிவிட்டு, திரும்பவும் கனடாவுக்கே போனது. பின்னாலே பிள்ளையும் போனான்.

விமான நிலையத்தில் இறங்கியவனை அழைத்துப் போக மூன்று கார் வந்தது. புழுக்கொடியலை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அது ஸ்காபரோத் தமிழ்க் கடையில் பைக்கற்றில் கிடைக்கிறது. ஒடியல் மா கிடைக்கிறது, பனாட்டுக் கிடைக்கிறது. நண்டு கிடைக்கிறது, அதுவும் எங்கள் கடல் நண்டு. இங்கே நல்ல நண்டைக் கண்ணால் காண்பதே அருமை. கரைக்கு வந்த கையோடு பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கும் கப்பலுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஒடியல் கூழ் குடிக்க ஆசை வந்தால் நெடுந்தீவில் இருக்கிறவன் ஸ்காபரோவுக்குப் போவதுதான் புத்தி.

அவனுக்கு நத்தார் லீவு உண்டு. கிறிஸ்தவ நாடு அல்லவா? படிக்கிற காலத்தில் வாரம் 24 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வேலை செய்யக்கூடாது என்பது கனடாவின் சட்டம். லீவு நாளில் எவ்வளவும் செய்யலாம். ஆகவே லீவு என்றால் வேலை. காலையில் கோப்பிக் கடை, இரவில் பண்டகசாலை. பல்கலைக்கழகம் திறந்தால்தான் நித்திரை கொள்ளலாம் என்கிறான். கடவுள் இல்லாத நாட்டில் எனக்கு லீவு இல்லை, ஆனால் ஓய்வில்லம் இருந்தது. கடவுள் உள்ள நாட்டில் அவனுக்கு லீவு இருக்கிறது, ஓய்வில்லை.

தனிமை? அதைக் கேட்டபோது அவன் சிரித்துவிட்டான். "பெரியப்பா, தனியா இருக்கிறதுக்கு இஞ்ச இடம் எங்க இருக்கு? பேஸ்மென்ற் றூமில நாலு பேர். அதுக்கு மேல அம்மா."

அம்மா என்றால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா. வட்ஸ்அப்பில் இருக்கிறார். பெடியன் உள்ளி உரித்தால் சின்னதாக வெட்டச் சொல்கிறார், சோறு வடித்தால் கஞ்சியை ஊற்றவேண்டாம் என்கிறார், வெளியே போனால் தொப்பி எங்கே என்கிறார். பின்னால் போகிற பெட்டை ஆர் என்றும் ஒரு நாள் கேட்டாராம். என் அம்மாவுக்கு என்னைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தெரியும். அதுவும் நான் எழுத விரும்பியது மட்டும். தம்பி பெண்சாதிக்கு மகனின் சப்பாத்தில் ஒட்டிய உப்பு வரை தெரியும். வெளிநாடு போனால் பிள்ளை கெட்டுப்போவான் என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். இப்போது கெட்டுப்போகவே ஒரு மறைவிடம் கிடையாது.

நத்தார் அன்று அவனும் வேலைக்குப் போவதில்லை, கடை பூட்டு. மாமா வீட்டுப் பேஸ்மென்றில் எல்லாரும் கூடுவார்கள். என் மகள் அங்கே இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அங்கே. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போன என் மனைவியும் அங்கே. பெற்றோருக்கென்று கனடா கொடுக்கும் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம் தங்கலாம். ஐந்து வருடமும் முடியட்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவரும் மறுக்கவில்லை. ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்குப் போய்வந்து, நெடுந்தீவில் நாற்பது வருடமாகக் காணாத ஆட்களை எல்லாம் கண்டுவிட்டேன் என்று எனக்குச் சொன்னார். அவர்கள் யாரும் நெடுந்தீவில் இல்லாதபோது இங்கே எப்படிக் காண்பது?

ஆக, எங்கள் குடும்பத்தில் குளிர்கால லீவைச் சொந்தபந்தத்தை விட்டுத் தூரத்தில் கழிக்கிற ஒரே ஆள் இப்போது நான்தான். அதற்காக நான் எங்கும் போகவில்லை. பிறந்த வீட்டில் கதிரையைப் போட்டு இருக்கிறேன்.

ரொறன்ரோவில் நள்ளிரவு என்றால் இங்கே காலை பத்தரை. நத்தார்க் காலையில் அவர்கள் அழைப்பார்கள். ரோள்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைப்பார்கள். முதல் பத்து நிமிடம் எல்லா முகமும் வரும். "அப்பப்பா, மழையோ? இஞ்ச ஸ்னோ!" என்று ஒரு பேரன் சொல்வான், அவனுக்கு அம்மப்பா யார், அப்பப்பா யார் என்று இன்னும் பிடிபடவில்லை. பிறகு யாரோ ரோள்ஸ் எடுக்கும்போது போன் மல்லாக்க விழும். அதற்குப் பிறகு எனக்குத் தெரிவது பேஸ்மென்றின் முகடு: ஒரு வெள்ளைப் பலகை, ஒரு லைற், புகை வந்தால் கத்துகிற ஒரு வட்டப் பெட்டி. பேச்சு மட்டும் கேட்கும். சிரிப்பார்கள்; எதற்கென்று தெரியாது. யாருக்கும் போனை நிமிர்த்தத் தோன்றாது, எனக்கும் வைக்க மனம் வராது. மொஸ்கோவில் ஒன்றும் தெரியாமல் கட்டிலில் இருந்து கற்பனை செய்த நத்தார்தான் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. தொழில்நுட்பம் முன்னேறவில்லை என்று நான் சொல்லவில்லை. முகடு நல்ல துல்லியம்.

வல்லரசுகள் எங்களை மறந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் எங்களைப் படிப்பிப்பதில் போட்டி போட்டார்கள், இப்போது எங்களுக்கு வெளிச்சம் போடுவதில் போட்டி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் 2021இல் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனது. இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை, சீனர் அந்த வருட முடிவில் கைவிட்டார்கள். பிறகு இந்தியா ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் நன்கொடையாகத் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆள் குறையக் குறைய அக்கறை கூடுகிறது. லுமும்பாப் பல்கலைக்கழகமோ சோவியத் உடைந்த கையோடு, 1992இல், லுமும்பாவைக் கழற்றி வைத்தது. 2023இல் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டது. ஆனால் 2024இல் எங்கள் பத்திரிகைகளில் ரஷ்யா என்ற பெயர் அடிபட்டது புலமைப்பரிசிலுக்காக அல்ல. வேலை என்று நம்பிப் போய் உக்ரைன் போர்முனையில் அகப்பட்ட இலங்கைப் பெடியளுக்காக. எங்களுக்கு அவர்கள் ஓவர்கோட்டு வாங்கித் தந்த கடைகளை நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் மறுபக்கப் போக்குவரத்தும் உண்டு. வெள்ளைப் பனியிலிருந்து தப்பி வெளிநாட்டுப் பிள்ளைகள் தீவுக்கு வருகிறார்கள். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகியபின், சென்னை வழியாக வந்து நேரே யாழ்ப்பாணத்தில் இறங்கவும் முடிகிறது. வந்தவர்கள் பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று படம் எடுப்பார்கள், மட்டக்குதிரைகளைத் துரத்துவார்கள், பூட்டிக் கிடக்கும் தங்கள் தாத்தாவின் வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ. நயினாதீவுக்குப் போய் நாகபூசணி அம்மனுக்கு ஒரு அர்ச்சனை. பிறகு மழை பிடிக்கும். கொஞ்சம் வாடை அடித்தால், சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, "ஐயோ கோல்ட்" என்று என் வீட்டுத் திண்ணையில் போர்வை கேட்கும். எனக்குச் சிரிப்பு வராது. ஆச்சியின் தெர்மாமீற்றர் இரத்தத்தில் இருக்கிறது.

டிசம்பரில் வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் வந்தால் கடல் தட்டையாகக் கிடக்கும், அப்போது பிள்ளைகளுக்கு லீவில்லை என்பீர்கள். சரி, மாரியிலேயே வாருங்கள். ஆனால் நயினாதீவோடு நிற்காமல் நெடுந்தீவுக்கும் படகேறுவதென்றால், திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முந்தியே குறிகாட்டுவானுக்கு வந்துவிடுங்கள். காற்று எழும்பினால் படகு ஓடாது. கனடாப் பாஸ்போட்டைக் காட்டினாலும் ஓடாது. நுளம்புத்திரி இங்கேயே விற்கிறது. எனக்கென்று ஜக்கெற் கொண்டுவர வேண்டாம். போன வருடங்களில் கொண்டுவந்தவை எல்லாம் அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன.